உழவன் கணக்கும் முதிய கொடியும்

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து எபெர்னேவுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். மார்ன் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிறுநகரத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே ஒரு தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஷாம்பெய்ன் அவென்யூ என்று அதற்குப் பெயர். இருபுறமும் மாளிகைகள், உயரமான இரும்புக் கதவுகள், உலகமெல்லாம் தெரிந்த வணிகப் பெயர்கள். தெருவுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகள் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அவற்றில் கோடிக்கணக்கான புட்டிகள் இருட்டில் காத்துக் கிடக்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஷாம்பெய்ன் என்ற நுரைக்கும் ஒயினின் கதையில் பாதிதான் அந்தத் தெருவில் இருக்கிறது. மறுபாதியைக் காண நகரின் தெற்கு எல்லையைக் கடக்க வேண்டும். க்ரமான், அவீஸ், ஓஜே, ல மெனில், வெர்த்யூ என்று ஒரே சரிவை ஒட்டி அடுத்தடுத்து வரும் கிராமங்களின் வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போக வேண்டும். இந்தச் சரிவுக்குக் 'கோத் தே ப்ளான்' என்று பெயர். வெள்ளைத் திராட்சைச் சரிவு எனலாம். இங்கே சில குடும்பங்கள் ஐம்பது, அறுபது, எழுபது வயதான கொடிகளைப் பிடுங்காமல் வைத்திருக்கின்றன. அவற்றின் ஒயினைத் தனியே அடைத்துத் தங்கள் பெயரிலேயே விற்கின்றன. அந்த ஒயினின் சிறப்புக்குக் கொடியின் முதுமைதான் காரணம் என்று விற்பவரும் வாங்குபவரும் சொல்வது வழக்கம். சரிவு நெடுகக் கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. கொடி முதிர்வதற்கு மண்ணும் வானிலையும் போதாது. முதிய கொடியால் வரும் நட்டத்தை ஏற்றுக்கொண்டு, அதைத் திரும்ப ஈட்டவும் வழியுள்ள ஓர் உழவர் வேண்டும். கொடியை வளர்க்கும் கையே புட்டியிலும் அடைக்கும்போதுதான் அந்த வழி திறக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். சாலையிலிருந்து மேற்கே நிமிர்ந்தால் குன்றின் உச்சியில் காடு. கிழக்கே குனிந்தால் கோதுமையும் சர்க்கரைக்கிழங்கும் விளையும் சமவெளி. இரண்டுக்கும் நடுவே கிழக்கு நோக்கிய சரிவில், சீப்பால் வாரியதுபோல் திராட்சை வரிசைகள். உழுத இடத்தில் மண் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரியும். ஓரிரு அடி தோண்டினால் சீமைச்சுண்ணாம்புப் பாறை. ஏழு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கிருந்த கடலின் நுண்ணுயிர்களுடைய ஓடுகள் படிந்து உண்டான பாறை அது. ஒரு கன மீட்டர் பாறை 300 முதல் 400 லிட்டர் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வேரை அழுக விடாது, வறண்ட கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வட அட்சரேகை 49 பாகையில், ஆண்டுச் சராசரி வெப்பம் 11 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும் ஊரில் திராட்சை பழுப்பதே போராட்டம். அதனால் பழத்தில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். அந்தப் புளிப்புதான் இந்த ஒயினின் முதுகெலும்பு. சார்தொனே என்ற ஒரே வெள்ளைத் திராட்சைதான் இந்தச் சரிவில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நிற்கிறது. அதைக் கையால்தான் பறிக்க வேண்டும், முழுக் குலையாகவே பிழிய வேண்டும் என்பது சட்டம். முதல் நொதித்தலில் கிடைக்கும் ஒயினோடு லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்தால் உள்ளேயே மறுபடி நொதித்து ஆறு வளிமண்டல அழுத்தம் வரை ஏறும். நுரை அப்படிப் பிறப்பதுதான். பிறகு குறைந்தது 15 மாதம், ஆண்டு குறித்த ஒயினானால் 3 ஆண்டு, நிலவறையில் கிடக்க வேண்டும். நல்ல உழவர்கள் இதைவிட அதிக காலம் காத்திருக்கிறார்கள்.

இங்கே முதிய கொடி என்பது எது? ஒயின் புட்டியின் சீட்டில் 'பழைய கொடிகள்' என்று போட்டுக்கொள்ளப் பிரெஞ்சுச் சட்டம் வயது எதையும் விதிக்கவில்லை. திராட்சை மற்றும் ஒயினுக்கான சர்வதேச அமைப்பு 2024இல்தான் ஒரு வரையறை தந்தது: ஆவணச் சான்றோடு 35 வயதைத் தொட்ட கொடி முதிய கொடி, தோட்டத்தில் குறைந்தது 85 விழுக்காடு கொடிகள் அப்படி இருந்தால் அது முதிய தோட்டம். வரையறை இவ்வளவு தாமதமாக வந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஷாம்பெய்ன் கொடிகளுக்கு வயது என்ற ஒன்றே கிடையாது. பழைய தண்டை மண்ணுக்குள் சாய்த்துப் பதியன் போடுவார்கள்; அது புதிய இடத்தில் வேர்விட்டு எழும். வரிசை கிடையாது, ஒரு ஹெக்டேரில் பல்லாயிரம் தண்டுகள் காடுபோல் நெருங்கி நிற்கும். ஒரே கொடி திரும்பத் திரும்ப இளமையாகிக்கொண்டே இருந்ததால் அதன் பிறந்த ஆண்டைக் கேட்பதற்கே பொருளில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 1890 வாக்கில் மார்ன் பகுதிக்குள் நுழைந்த பிறகு அந்த வழக்கம் முடிந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இன வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் மட்டுமே சார்தொனே பிழைத்தது. பதியன் போட்டால் ஒட்டுக்கு மேலுள்ள தண்டு சொந்த வேர் விட்டுவிடும், பூச்சி அதைத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு கொடியும் வரிசையில் தனியாக நடப்பட்டது. நட்ட ஆண்டு ஒன்று வந்தது; சாகும் ஆண்டும் வந்தது. எப்போது பிடுங்குவது என்ற கேள்வியும் அப்போதுதான் பிறந்தது.

அந்தக் கேள்விக்கு உழவர் விடை தேடுவது குளிர்காலத்தில், கவாத்து வெட்டும் நேரத்தில். கோத் தே ப்ளானில் சார்தொனேக்குப் பெரும்பாலும் ஷாப்லி முறையில் கவாத்து செய்கிறார்கள். அதில் தண்டிலிருந்து சில தடித்த கைகளை ஆண்டுதோறும் நீளவிட்டு, நுனியில் மட்டும் புதிய குச்சியை விடுவார்கள்; கை மிகவும் நீண்டுவிட்டால் அடியிலிருந்து வேறொன்றை வளர்த்துக்கொள்வார்கள். இதனால் கொடியில் பழைய மரம் நிறையச் சேர்கிறது. அடுத்த வசந்தத்தில் துளிர்க்கத் தேவையான மாவுச்சத்தை அந்த மரமே சேமித்து வைக்கிறது. ஆனால் வயது ஏற ஏற வெட்டுக்காயங்களின் வழியே எஸ்கா என்ற பூஞ்சை நோய் மரத்துக்குள் புகும். மண்ணிலுள்ள நூற்புழு விசிறியிலை வைரஸைக் கொண்டுவந்து சேர்க்கும். சில கொடிகள் செத்து வரிசையில் இடைவெளி விழும். மற்றவற்றில் குலை சிறுக்கும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 8,000 கொடிகள். ஹெக்டேருக்கு எவ்வளவு அறுக்கலாம் என்பதை உழவர்களும் வணிக நிறுவனங்களும் சேர்ந்த குழு ஆண்டுதோறும் முடிவு செய்கிறது. 2024இல் அது 10,000 கிலோ. இளந்தோட்டம் அந்த அளவைத் தொட, முதிய தோட்டம் 6,000 கிலோதான் தந்தது என்று வைத்துக்கொள்வோம். குறைந்துபோன 4,000 கிலோதான் ஷாம்பெய்ன் சட்டத்தில் ஒரு முழுப் பிழிவின் அளவு. அதிலிருந்து எடுக்க அனுமதியுள்ள சாறு 2,550 லிட்டர்; புட்டியாக்கினால் 3,400. ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஹெக்டேரில் 3,400 புட்டிகளை விட்டுக்கொடுத்தால்தான் அந்தக் கொடி நிற்கும். பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டால் மூன்றாம் ஆண்டிலேயே அறுவடை தொடங்கிவிடும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இங்கே கணக்குப் பார்க்கிற உழவர் முதலில் பிடுங்குவது தாத்தா நட்ட கொடியைத்தான்.

திராட்சையை எடைக்கு விற்பவருக்கு இந்த நட்டத்தை ஈடுகட்ட வழியே இல்லை. ஷாம்பெய்ன் பகுதியின் அமைப்பு அப்படி. ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் நிலத்தைச் சுமார் 16,000 உழவர்கள் பயிரிடுகிறார்கள். சராசரியாக ஆளுக்கு இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர். நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு உழவர்களிடம் இருக்க, விற்கும் புட்டிகளில் பத்துக்கு ஏழு வணிக நிறுவனங்களின் பெயரில் போகிறது. இடையில் இருப்பது எடைத்தராசு. 1910இல் விளைச்சல் அநேகமாக முழுதும் பொய்த்தது. சில வணிகர்கள் வெளிப் பகுதிகளின் மலிவான ஒயினைக் கொண்டுவந்து ஷாம்பெய்னாக விற்றார்கள். பொறுக்க முடியாத உழவர்கள் 1911 ஏப்ரலில் ஆயி ஊரின் நிலவறைகளை உடைத்துத் தீ வைத்தார்கள். அதே ஆண்டு ஊர்களைத் தரப்படுத்தும் விலைப் பட்டியல் ஒன்று நடைமுறைக்கு வந்தது. நூறு விழுக்காடு பெற்ற ஊரின் திராட்சைக்கு முழு விலை, தொண்ணூற்றைந்து பெற்ற ஊருக்கு அந்த அளவு. க்ரமானும் அவீஸும் நூறு, ஓஜேயும் ல மெனிலும் 1985இல்தான் நூறானவை, வெர்த்யூ தொண்ணூற்றைந்து. உழவரைச் சுரண்டலிலிருந்து காத்த ஏற்பாடு அது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஊருக்கு இடம் இருந்தது, கொடியின் வயதுக்கு இடம் இல்லை. ஒரே சரிவில் ஐந்து வயதுக் கொடியின் குலையும் அறுபது வயதுக் கொடியின் குலையும் கிலோவுக்கு ஒரே விலை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வணிக நிறுவனங்கள் திராட்சை வாங்குவதைக் குறைத்தபோது சில உழவர்கள் வேறு வழியில்லாமல் தாங்களே புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். இன்று அப்படிப்பட்ட புட்டியின் சீட்டில் சின்னதாக 'ஆர்.எம்.' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும்: தன் திராட்சையைத் தானே ஒயினாக்கியவர் என்று அர்த்தம். வணிக நிறுவனத்தின் புட்டியில் 'என்.எம்.' இருக்கும்.

அவீஸ் கிராமத்தில் அக்ராபார் குடும்பம் 1959இல் நட்ட ஒரு சிறு பாத்தியை வைத்திருக்கிறது. மண் இறுகக் கூடாது என்று அதை டிராக்டர் ஏற்றாமல் குதிரை பூட்டி உழுதார்கள். அங்கிருந்து வரும் ஒயினுக்கு அந்தப் பெண்குதிரையின் பெயரையே வைத்தார்கள்: வேனஸ். விற்பனைக்கு அனுப்பும் முன் வழக்கமாகக் கடைசியில் சேர்க்கும் சர்க்கரை அதில் இல்லை. ல மெனிலில் பியர் பெத்தெர்ஸ் குடும்பம், லே ஷெத்தியோன் என்ற நிலத்திலுள்ள தன் பழைய கொடிகளின் ஒயினை 1971 முதல் தனியே அடைக்கிறது. வெர்த்யூவில் இருக்கும் லார்மாந்தியே-பெர்னியே குடும்பம், க்ரமானில் தனக்குள்ள ஐம்பது ஆண்டைக் கடந்த கொடிகளின் ஒயினுக்கு முதிய கொடி என்ற பெயரையே சூட்டியிருக்கிறது. தோட்டத்தில் விளையும் ஈஸ்ட்டே நொதிக்கிறது, பல ஆண்டுகள் மண்டியோடு கிடந்த பிறகே புட்டி வெளியே வருகிறது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. நிலம், கவாத்து, பிழிவு, நிலவறை, விலை எல்லாம் ஒரே வீட்டில் முடிவாகின்றன. தோட்டத்தில் இழந்த கிலோவைப் புட்டியின் விலையில் ஈடுகட்ட முடிவதால்தான் அந்தக் கொடி அடுத்த குளிர்காலத்தையும் பார்க்கிறது. எடைத்தராசைத் தாண்டிப்போக முடியாத பக்கத்து வரிசையில் அதே வயதுக் கொடி எப்போதோ விறகாகியிருக்கும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு அறிவியலிலிருந்து வருகிறது. முதிய கொடியின் ஒயின் உயர்ந்தது என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை என்கிறார்கள் பலர். அது உண்மைதான். ஜெர்மனியின் கைசன்ஹைமில் 1971, 1995, 2012 ஆகிய ஆண்டுகளில் நட்ட ரீஸ்லிங் கொடிகளை ஒப்பிட்ட ஆய்வில், புதிதாக நட்டவை நிலைகொள்ளும் வரை வேறுபாடு தெரிந்தது. நன்கு வளர்ந்த இரண்டு தலைமுறைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை. வேறு ஒரு சிக்கலும் உண்டு. முதிய கொடியைக் காப்பாற்றுகிறவர்தான் மண்ணை உழுகிறார், குறைவாக அறுக்கிறார், நிலவறையில் நீண்ட காலம் வைக்கிறார். சுவையில் எந்தப் பங்கு வயதுக்கு, எந்தப் பங்கு இந்தக் கவனிப்புக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த மறுப்பை முழுதாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றால் வாதம் தளர்வதற்குப் பதிலாக உறுதிப்படுகிறது. வயதை ஒரு மந்திரமாக நம்ப வேண்டியதில்லை. வயது, கவனிப்பின் சாட்சி. அதோடு, வயதான தோட்டத்தில் மட்டும் கிடைக்கும் ஒன்றும் உண்டு. 1970களில் ஒரே தாய்ச்செடியின் நகல்களான குளோன் கன்றுகள் பரவுவதற்கு முன், உழவர்கள் தங்கள் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த பல கொடிகளிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினார்கள். அப்படி நட்ட தோட்டத்தில் ஒரு கொடி முன்னே பழுக்கும், ஒன்று பின்னே. ஒன்றின் குலை இறுக்கம், மற்றொன்றினது தளர்வு. அந்தத் தோட்டத்தைப் பிடுங்கினால் பன்முகமும் போய்விடும். நாற்றங்காலில் போய் அதே கலவையை வாங்க முடியாது. எந்தச் சுவைச் சோதனையையும் நம்பாதவர்கூட இந்த இழப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வயது மட்டும் போதாது என்பதற்கு இந்தச் சரிவின் மண்ணே சாட்சி சொல்கிறது. 1960களிலிருந்து 1990களின் இறுதி வரை பாரிஸ் நகரத்துக் குப்பையை உரமாக ஷாம்பெய்ன் தோட்டங்களில் கொட்டினார்கள். மக்காத பிளாஸ்டிக் துணுக்குகள் சில தோட்டங்களில் இன்றும் நீல நிறத்தில் மண்ணோடு கிடக்கின்றன. அதே காலத்தில் களைக்கொல்லி உழவுக்கு மாற்றாக வந்தது. உழாத மண்ணில், மேலே உரம் தூவினால், வேர் மேற்பரப்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை சேமித்த தண்ணீரைத் தேடிப் போக அதற்கு அவசியம் இருக்காது. அப்படி அறுபது ஆண்டு நின்ற கொடி, வயதில் மூத்தது என்றாலும் வேரில் இளையதுதான். ஆழமான வேர் என்று புகழப்படுவது ஆண்டுகள் தானாகக் கொண்டுவந்து தருவதன்று. மேல்வேரை அறுத்து, வேரை ஆண்டுதோறும் கீழே போகச் செய்யும் உழவு தருவது. உழவுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணமும் வேண்டும். எனவே கேள்வி மறுபடி அதே இடத்துக்கு வருகிறது: அந்தச் செலவை யார் தாங்குவார், எதிலிருந்து தாங்குவார்?

இரண்டாவது மறுப்பு ஷாம்பெய்னின் மரபிலிருந்தே வருகிறது. பல ஊர்களின் ஒயினையும் பல ஆண்டுகளின் ஒயினையும் கலந்து ஒரே தரத்தில் நிறுத்துவதுதான் இந்தப் பகுதியின் கலை. ஒற்றை நிலம், ஒற்றைக் கொடி என்ற பேச்சு அந்தக் கலையை அவமதிக்கிறது என்பதே அந்த மறுப்பு. நுரையும் ஈஸ்ட்டின் மணமும் சேர்ந்துவிட்ட ஒயினில் நிலத்தின் குரல் எங்கே கேட்கும் என்றும் கேட்கிறார்கள். கலவை தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. 2003இல் ஏப்ரல் உறைபனி சார்தொனேயின் துளிரைப் பொசுக்கியது. அதே ஆண்டின் வெப்பத்தில் அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் பழைய இருப்பும் வேற்றூர்த் திராட்சையும் கைவசம் உள்ளவர் நிமிர்ந்து நிற்பார்; ஐந்து ஏக்கர்க்காரர் தடுமாறுவார். கலவையின் மதிப்பு அது. ஆனால் ஒற்றை ஊரின் ஒற்றைத் திராட்சை என்ற எண்ணமும் இன்று முளைத்த மோகம் கிடையாது. யூஜென்-எமே சலோன் என்பவர் 1905இலேயே ல மெனில் ஊரின் சார்தொனேயை மட்டும் கொண்டு ஷாம்பெய்ன் செய்தார். நுரை நிலத்தை மறைக்கிறது என்பதற்கும் விடை உண்டு. மறைப்பதில் பெரும்பங்கு கடைசியில் சேர்க்கும் சர்க்கரைக்கு. ப்ரூட் என்று எழுதிய புட்டியில் லிட்டருக்கு 12 கிராம் வரை இருக்கலாம். அதை இரண்டு மூன்று கிராமாகக் குறைக்கவோ அறவே விடவோ வேண்டுமானால் திராட்சை முழுமையாகப் பழுத்திருக்க வேண்டும். குறைந்த குலைகளைத் தாங்கும் கொடியில் அது எளிது. முதிய கொடியும் குறைந்த சர்க்கரையும் இந்த வீடுகளில் ஒன்றாகத் தோன்றுவது தற்செயல் இல்லை.

மூன்றாவது மறுப்பு: பெரிய நிறுவனங்களும் முதிய கொடிகளைக் காக்கின்றனவே? காக்கின்றன. ஆயியில் பொல்லாஞ்ஜே நிறுவனம், பினோ நுவார் என்ற கருந்திராட்சையின் ஒட்டுக் கட்டாத கொடிகளைப் பழைய பதியன் முறையில் இரண்டு சிறு பாத்திகளில் வைத்திருக்கிறது. 1969 முதல் அவற்றின் வெள்ளை ஒயினைத் தனியே அடைக்கிறது. மூன்றாவதாக பூஸி ஊரில் இருந்த பாத்தியை 2004இல் பூச்சி கொண்டுபோனது. இந்த உதாரணமும் அதே விதியைத்தான் காட்டுகிறது: வளர்ப்பவரே தனியாக அடைத்து, தனி விலை வைத்ததால்தான் அந்தக் கொடிகள் பிழைத்தன, பொதுக் கலவையில் கரைந்திருந்தால் பிழைத்திருக்காது. மறுபக்கத்தில், ஆர்.எம். என்ற எழுத்தைப் பார்த்தவுடன் நல்ல ஒயின் என்று முடிவு கட்டவும் கூடாது. அளவுக்கு மீறி அறுத்து அவசரமாக விற்கும் சிறு உழவரும் உண்டு. அந்த எழுத்து தரத்துக்குச் சான்றிதழ் தருவதில்லை. நட்டத்தையும் லாபத்தையும் ஒரே கையில் வைப்பதன் மூலம் நல்ல முடிவுக்கு வாய்ப்பை மட்டும் தருகிறது. அந்த ஒயின் விலை அதிகம், எளியவருக்கு எட்டாது என்ற குறையும் நியாயமானதே. அந்த விலையில் ஒரு பங்கு, விளையாமல் போன 3,400 புட்டிகளின் விலை என்பதையாவது வாங்குகிறவர் தெரிந்து வாங்கலாம்.

வெர்த்யூவில் சரிவு தெற்கே வளைந்து இறங்குகிறது. இங்கே நின்று பார்க்கும்போது முதிய கொடிக்கு வரப்போகும் ஆபத்தும் தெரிகிறது. பருவம் மாறி, முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அறுவடை இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னதாக வருகிறது. வறட்சியில் ஆழ வேருள்ள கொடி தாங்கி நிற்கும் என்பது அதற்குச் சாதகம். பாதகம் நிலத்தின் விலையில் இருக்கிறது. இந்தச் சரிவில் ஒரு ஹெக்டேர் 10 லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு, வாரிசு வரியும் உண்டு. பங்கு கேட்கும் உடன்பிறந்தவருக்குக் கொடுக்கப் பணமில்லாத வீடு, நிலத்தை விற்றாக வேண்டும், அல்லது அதிகம் காய்க்கும் கன்றை நட்டாக வேண்டும். கொடியைக் கொல்வது நோயைவிடப் பாகப்பிரிவினையாக இருக்கக்கூடும். அப்படியும் தாக்குப்பிடிக்கும் தோட்டங்களை வரிசைக்குள் பார்த்தே அடையாளம் காணலாம். முறுக்கேறிய கருந்தண்டுகளுக்கு நடுவே, செத்த ஒரு கொடியின் இடத்தில் மட்டும், குச்சி கட்டிய ஒற்றை ஒட்டுக்கன்று நிற்கும். முழுத் தோட்டத்தையும் பிடுங்கி ஒரே நாளில் நடுவதைவிட இது அதிக வேலை, இயந்திரத்தால் முடியாது, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இடம், மூன்று இடம் என்று கையால் நட வேண்டும். 2026இல் நட்ட அந்தக் கன்று முதிய கொடி என்ற பெயரைப் பெறும் ஆண்டு 2061. நட்டவர் அதன் ஒயினைக் குடிக்க இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. இருந்தும் நடுகிறார், பக்கத்தில் நிற்கும் கொடியை அவருக்காக இன்னொருவர் நட்டு வைத்துவிட்டுப் போயிருப்பதால்.